பீரியட் முழுங்கி போட்ட பாடத்திட்டம்

எட்டாம் வகுப்போடு முடிந்துபோகிற அந்தப் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு நடத்துகிறவர் அவர். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பீரியட் முழுங்கி. வைத்தது பிள்ளைகள்தான் என்றாலும் ஆசிரியர் அறையிலும் அதுதான் புழக்கம். அவர் தலை தெரிந்தால் மட்டும் சட்டென்று "கணக்கு சார்" ஆகிவிடுவார்.

காரணப் பெயர்தான். விளையாட்டு பீரியடுக்கு மணி அடிக்கும். பிள்ளைகள் செருப்பை மாட்டிக்கொண்டு வரிசை கட்டும். அதற்குள் சாக்பீசும் கையுமாக வாசலை மறித்துக்கொண்டு இவர் நிற்பார். "ஒரே ஒரு கணக்கு, அஞ்சு நிமிஷம்" என்பார். அந்த ஐந்து நிமிஷம் அடுத்த மணி அடிக்கிறவரை ஓடும். ஓவியம் போச்சு, பாட்டு போச்சு, மழை பெய்தால் எல்லாமே போச்சு. பாட்டு டீச்சர் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்திருந்துவிட்டு வந்தால், "இப்ப எப்படி இருக்கு, இன்னும் ரெண்டு நாள் ஓய்வு எடுத்திருக்கலாமே" என்று முதலில் விசாரிக்கிற ஆள் இவர்தான். அந்த அக்கறையின் அடிவேர் எங்கே இருக்கிறது என்று பாட்டு டீச்சருக்கும் தெரியும்.

பட்டப்பெயர் அவர் காதுக்கு எட்டாமல் இல்லை. வருத்தமும் இல்லை. அவருடைய அப்பா லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர். மகன் பத்தாவதில் கணக்கில் தோற்றபோது அவர் திட்டவில்லை, அடிக்கவில்லை. மறுநாள் காலையில் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரு வருஷம் மூட்டை தூக்கினான் பையன். அடுத்த வருஷம் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. அன்றைக்கு மனசில் விழுந்த முடிச்சு அது: மற்றதெல்லாம் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, கணக்கில் மட்டும் ஒருத்தன் தோற்கக்கூடாது. அதனால், தான் முழுங்குவது அடுத்தவன் பீரியட் என்று அவருக்கு ஒரு நாளும் பட்டதில்லை. மூட்டை தூக்கப் போகிறவனைக் கையைப் பிடித்து நிறுத்துகிறோம் என்றுதான் எண்ணம்.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் தலைமையாசிரியை அந்த வேலையைக் கொடுத்தார். பள்ளியை ஒன்பது, பத்து என்று உயர்த்த மேலிடம் இசைந்திருந்தது. இரண்டு அறை கட்டி வெள்ளையும் அடித்தாயிற்று. ஒன்றே ஒன்று பாக்கி. எல்லாம் கலந்த, ஒரு பக்கம் சாயாத பாடத்திட்டம் ஒன்றைப் போட்டு, பார்வையிட வருகிற அதிகாரி அம்மாவிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் ஒன்பதாம் வகுப்பு இல்லை. இப்போது எட்டில் இருக்கிற நாற்பத்திரண்டு பேரும் இரண்டு பஸ் மாறி அடுத்த ஊருக்குப் போக வேண்டும். பத்துப் பேராவது போகாமலே நின்றுவிடுவார்கள். அந்த நாற்பத்திரண்டில் அவருடைய மகளும் ஒருத்தி.

"வாரத்துக்கு நாப்பது பீரியட். அதுக்குள்ள அடக்கணும். கூட்டிக் கழிக்கிற வேலை, உங்களை விட்டா யாரு?" என்றார் தலைமையாசிரியை.

பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தாயிற்று என்று ஆசிரியர் அறை சிரித்தது.

பூனை நான்கே நாளில் வேலையை முடித்தது. அட்டையில் கோடு போட்டு, வண்ணக் காகிதத் துண்டு ஒட்டி, பார்க்க அமர்க்களமாகத்தான் இருந்தது. அதிகாரி அம்மா வந்தார். குட்டையான உருவம், குரலும் தணிவு. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அட்டையை மேலிருந்து கீழ்வரை படித்தார். கணக்கு ஒன்பது. மனக்கணக்குப் பயிற்சி இரண்டு. தர்க்கச் சிந்தனை இரண்டு. இரண்டு மொழிகளும் அறிவியலும் தலா ஏழு. வரலாறும் புவியியலும் சேர்ந்து ஐந்து. விளையாட்டு ஒன்று. ஓவியம், இசை என்ற இடத்தில் "வாய்ப்புள்ளபோது" என்று எழுதியிருந்தது.

"இந்த மனக்கணக்கை யார் நடத்துவாங்க?"

"நான்தான் மேடம்."

"தர்க்கச் சிந்தனை?"

"அதுவும் நான்தான்."

"அதுல என்ன நடத்துவீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஆள். "கணக்குதான் மேடம்" என்றார்.

அந்த அம்மா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. ஒரே பண்டத்தை மூன்று பாத்திரத்தில் வைத்தால் அது விருந்தாகிவிடாது என்றார். மூன்று வாரம் தவணை, வேறு போட்டு வையுங்கள், அடுத்த முறையும் இப்படியே இருந்தால் கையெழுத்து கிடையாது என்று சொல்லிவிட்டு, கொடுத்த டீயை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் போனார்.

இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம் வீட்டில் அட்டையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் மனைவி முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறார். அந்தத் தெருவில் பாதிப் பேர் போட்டிருக்கும் சட்டை அவர் கை பட்டதுதான். மகள், அதற்குள் பள்ளி முழுக்கப் பரவியிருந்த கதையை அம்மாவிடம் நடித்தே காட்டினாள். அப்பா "கணக்குதான் மேடம்" என்று சொன்னதை மட்டும் மூன்று தடவை நடித்தாள்.

"நீங்க என்னதான் பண்றீங்க?" என்று மனைவி மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

இவர் விளக்கினார். போன தடவைதான் யாரையும் கேட்காமல் போட்டுவிட்டோம் என்று இந்தத் தடவை ஒவ்வொரு ஆசிரியரையும் கேட்டிருக்கிறார். வாரத்துக்கு எத்தனை பீரியட் வேண்டும் என்று எல்லோரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கூட்டினால் ஐம்பத்தேழு வருகிறது. யாரிடம் போய் எதைக் குறைக்கச் சொல்வது?

"அதுல உங்களுக்கு எத்தனை?"

"ஒன்பது."

மனைவி பல்லில் கடித்திருந்த நூலை எடுத்தார். "ஒரு துணியில எல்லாருக்கும் முழுக்கை வெக்க முடியாதுங்க. முதல்ல உங்க கையைக் கொஞ்சம் குட்டையா வெட்டுங்க. அப்பதான் அடுத்தவங்க கையிலயும் கத்திரி வெக்க முடியும்."

மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது.

இரண்டு நாள் அந்தப் பேச்சை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் திரிந்தார். ஒன்பதை எட்டாக்கிப் பார்த்தார். எட்டை ஏழாக்கினார். ஒவ்வொரு துண்டையும் பிய்த்து எடுக்கும்போது சொந்தப் பல்லைப் பிடுங்குகிற மாதிரி முகம் கோணியது. மூன்றாம் நாள் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து, "கணக்குக்கு ஆறு போதும்" என்றார். ஓவிய டீச்சர், உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று மெல்லக் கேட்டார்.

ஆனால் மனைவி சொன்னதுதான் நடந்தது. முழுங்கியே மூன்றைக் கக்கிவிட்ட பிறகு மற்றவர்கள் எப்படிப் பிடிவாதம் பிடிப்பது? அறிவியல் டீச்சர் இரண்டை விட்டார். மொழி ஆசிரியர்கள் இருவரும் முனகிக்கொண்டே ஆளுக்கு இரண்டு விட்டார்கள். மணலில் வரைபடம் அமைக்க ஒன்று, உலகச் செய்திக்கு ஒன்று என்று புவியியல் சார் கேட்டதை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்தார்கள். மற்றவர்களும் இறங்கி வர, விளையாட்டு மூன்று, ஓவியம், இசை, கணினி, கைத்தொழில் எல்லாம் இரண்டிரண்டு. நாற்பது. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

கணக்கு முடிந்தது என்றுதான் நினைத்தார். ஆனால் ஒவ்வொரு பாடத்திலும் இரண்டு வருஷத்துக்கு என்ன நடத்தப்போகிறோம் என்று வாரவாரியாக எழுதிச் சேர்க்க வேண்டும். எல்லோரும் கொடுத்தார்கள். விளையாட்டு மாஸ்டர் மட்டும் வெறும் தாளைக் கொண்டுவந்து நீட்டினார். பதினாறு வருஷமாக அங்கே இருக்கிற மனிதர். நெட்டையானவர், கழுத்தில் விசில், யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார்.

"என்ன சார், ஒண்ணுமே எழுதல?"

"எழுத உக்காந்தேன் சார். வரல." விளையாட்டு மாஸ்டர் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "எனக்கு ரெண்டு பீரியட் சேந்தாப்புல கெடச்சதே இல்லையே. கெடச்சா என்ன பண்ணுவேன்னு யோசிக்கறதையே விட்டுட்டேன்."

குத்தலாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஒன்று சொல்லியிருக்கலாம். பஸ் தாமதமாக வரும் என்று சொல்கிற மாதிரி அவர் பாட்டுக்குச் சொன்னார். கணக்கு வாத்தியாருக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அன்று பள்ளி விட்டதும் இருவரும் மைதானத்து ஓரப் படியில் உட்கார்ந்தார்கள். ஒருத்தர் சொல்ல ஒருத்தர் எழுதுவதென்று ஏற்பாடு. முதல் அரை மணி நேரம் சொல்கிறவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. நீங்கள் சின்ன வயதில் என்ன விளையாடினீர்கள் என்று இவர் கிண்டினார். உயரம் தாண்டுவேன் என்றார் அவர். சரி, அதை எப்படி ஆரம்பிப்பீர்கள்?

"முதல்ல விழக் கத்துக்கணும் சார்."

"எத்தனை வாரம்?"

"நாலு வாரமாவது ஆகும்."

"விழறதுக்கு நாலு வாரமா?" என்று கேட்டுவிட்டார். சமன்பாடுகளுக்கே அவர் மூன்று வாரம்தான் ஒதுக்கியிருந்தார்.

விளையாட்டு மாஸ்டர் வாதாடவில்லை. எழுந்து போனார், ஓடி வந்தார், தாவினார், தோள் பட விழுந்து உருண்டு, மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே எழுந்தார். ஐம்பது வயது. இப்போது நீங்கள் விழுந்து பாருங்கள் என்றார். கணக்கு வாத்தியார் பேசாமல் "முதல் நான்கு வாரம்: விழுதல்" என்று எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு மாஸ்டரைப் பிடிக்க முடியவில்லை. பந்தைக் கையில் வாங்குவது, மூச்சை அடக்குவது, தோற்ற கட்சியோடு கை குலுக்குவது என்று பதினோரு பக்கம் போயிற்று. எழுதியவருக்குக் கை வலித்தது.

மூன்றாவது வாரம் அதிகாரி அம்மா வந்தார். அட்டையைப் பார்த்தார். பாடவாரியான தாள்களைப் புரட்டினார். விளையாட்டுத் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார். தலைமையாசிரியை பேனாவின் மூடியைக் கழற்றி அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார். அந்த அம்மா பேனாவைத் தொடாமல், பிள்ளைகளை ஒரு தரம் பார்த்துவிட்டு வரலாம் என்று அட்டையோடு எழுந்தார்.

எட்டாம் வகுப்பு. நாற்பத்திரண்டு பேரும் எழுந்து வணக்கம் சொல்லி உட்கார்ந்தார்கள்.

"போன வாரம் விளையாட்டு பீரியட்ல என்ன விளையாடினீங்க?"

பாதித் தலைகள் கணக்கு வாத்தியார் பக்கம் திரும்பின. திட்டம் அடுத்த வருஷத்துக்குத்தானே, பரீட்சை நெருங்குகிறதே என்று போன வாரமும் வாசலை மறித்திருந்தார். அவர் மகள் மேஜைமேல் இல்லாத ஏதோ ஒன்றை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழை, மைதானத்தில் தண்ணீர் என்று தலைமையாசிரியை ஆரம்பித்தார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

முன் பெஞ்சில் ஒரு சின்னப் பெண் எழுந்து, "முக்கோணம் விளையாடினோம் டீச்சர்" என்றாள். யாரையாவது காப்பாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. அதிகாரி அம்மா திரும்பினார்.

"நான்தான் மேடம் எடுத்துக்கிட்டேன்" என்றார் கணக்கு வாத்தியார். "போன வாரம் மட்டும் இல்ல. இருபத்திரண்டு வருஷமா."

"அப்ப இந்த அட்டை?"

"அதுல பொய் இல்ல. நான் ஒருத்தன் ஒழுங்கா இருந்தா எல்லாம் நடக்கும்."

"கணக்குக்கு ஆறுன்னு போட்டிருக்கீங்க. ஆறு போதுமா உங்களுக்கு?"

போதும் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்தது. தலைமையாசிரியை கண்ணாலேயே கெஞ்சினார். இவர் மகளைப் பார்த்தார், வாசலில் நின்ற விளையாட்டு மாஸ்டரைப் பார்த்தார்.

"போதாது மேடம்" என்றார். "மத்த டீச்சர்களும் இத்தனை வருஷமா போதாததை வெச்சுக்கிட்டுத்தான் நடத்தினாங்க. என்னால மட்டும் ஏன் முடியாது?"

அந்த அம்மா முன் பெஞ்சுப் பெண்ணிடமே ஒரு பேனாவை வாங்கி, அங்கேயே அட்டையின் மூலையில் கையெழுத்துப் போட்டார். அடியில் ஒரு வரியும் சேர்த்தார்: அனுமதி ஒரு வருஷத்துக்கு மட்டும், இடையில் சொல்லாமல் வந்து பார்ப்பேன்.

ஒன்பதாம் வகுப்பு திறந்தது. நாற்பத்திரண்டு பேரும் வந்தார்கள். முதல் பருவப் பரீட்சைக்கு எட்டு நாள் இருக்கையில் கணக்கில் இன்னும் ஒரு பாடம் அப்படியே கிடந்தது. ஆசிரியர் அறையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் எதிரில் விளையாட்டு மாஸ்டர் வந்து நின்றார்.

"சார், கஷ்டமா இருந்தா இன்னிக்கு என் பீரியடை எடுத்துக்கோங்க" என்றார் தயங்கித் தயங்கி. முழுங்குகிறவனுக்கு மட்டுமா, ஊட்டுகிறவனுக்கும் கை பழகிப்போயிருந்தது.

கணக்கு வாத்தியார் ஒரு கணம் சாக்பீஸ் டப்பாவைப் பார்த்தார். அப்புறம் முகத்தைச் சிடுசிடுவென்று வைத்துக்கொண்டார்.

"மூணாவது வாரப் பாடத்துல நிக்கறீங்க, தாள்படி இது ஏழாவது வாரம். உங்க பாக்கியை முடிக்காம எனக்குத் தானம் பண்ண வந்துட்டீங்களா? போங்க சார், பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கு."

மாஸ்டர் விசிலை ஊதிக்கொண்டே ஓடினார்.