நன்றாக நடந்த நோயாளி

கண்ணாடிப் போத்தலில் முக்கால்வாசிக்கு, பால் விடாத தேநீரின் நிறத்தில் நீர் நின்றது. எங்கள் பத்திரிகையின் தலைமை ஒப்புநோக்குநருடைய இதயத்தைச் சுற்றியுள்ள பையிலிருந்து டொக்டர் அன்று காலை நீண்ட ஊசியால் இழுத்தெடுத்தது அது. மூன்று கிழமையாகப் படுக்க முடியாமல், தலையணையைக் கட்டிப்பிடித்து முன்னால் சரிந்திருந்த மனிதர் அரை மணித்தியாலத்தில் மல்லாந்து படுத்தார்.

டொக்டர் வழிகளைச் சொன்னார். "கொஞ்ச நீரெண்டால் குளிசையோடை விடலாம். இது இதயத்தை நெருக்கினபடியாலை ஊசியாலை எடுத்தனான். திரும்ப ஊறும் போலை கிடக்கு. ஊறினால் அந்தப் பையிலை சின்ன யன்னல் ஒண்டு வெட்டவேணும். அது கொழும்பிலைதான். ஊற முந்திப் போங்கோ."

"யன்னலுக்குக் கண்ணாடி போட்டிடாதேங்கோ டொக்டர். ஷெல் விழுந்தால் நொருங்கிப்போம்" என்றார் அண்ணை, படுத்தபடியே.

போரும் பொருளாதாரத் தடையும் இருந்த காலம் அது. குடாநாட்டை விட்டு வெளியேற இயக்கம் கொடுக்கும் பாஸ் வேண்டும். நான்காம் நாள் சுன்னாகத்திலிருந்து அவரை என் சைக்கிளில் பாஸ் கொடுக்கும் இடத்துக்கு ஏற்றிக்கொண்டு போனேன். எங்கள் ஆட்கள் கந்தோருக்குப் போவதற்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. முகம் வழித்து, திருநீறு பூசி, மினுக்கிய வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வாசலுக்கு முன்பே இறங்கி, "ஆக்கள் பார்ப்பினம்" என்று நிமிர்ந்து நடந்தார்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் டொக்டரின் கடிதத்தைப் பார்க்குமுன் அவரைப் பார்த்தார். "ஐயா, நல்லாத்தானே நடக்கிறியள். ஏலாத சனம் எவ்வளவு நிக்குது. ரெண்டு கிழமையாலை வாங்கோ."

வெளியே வந்ததும் சொன்னேன்: "அண்ணை, நாளைக்குச் சவரம் எடுக்காமல், சாரத்தோடை, என்னைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ."

"உதென்ன கூத்தே? நாப்பது வருசமாப் பிழை திருத்தினவனடா தம்பி நான். பொய்க்கு வருத்தக்காரனா நடிக்கவோ?"

அது பொய்யல்ல என்பதை அவரே மறந்துவிட்டார். ஊசி அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தது. இன்றைக்கும் ஏதாவது வரிசையில் மினுக்கிய சட்டையோடு நிற்கும் நோயாளியைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. அன்று நானும் அவரை மறித்து இன்னொரு முறை கேட்கவில்லை.

பத்தாம் நாள் மூச்சு மறுபடி முட்டியது. இம்முறை நீர் தடித்துவிட்டது, ஊசிக்கு வரவில்லை. மிச்சமிருந்தது யன்னல் மட்டும். நான் தனியே போய்ப் பாஸ் கேட்டேன். ஆளைக் காட்டவேண்டும் என்றார்கள். மண்ணெண்ணெயில் ஓடும் கார் ஒன்றைப் பிடித்து, அவரை இருந்த கதிரையோடு தூக்கிப்போய்க் காட்டினோம். ஐந்து நிமிடத்தில் பாஸ் கிடைத்தது.

வெளியேற இருந்த ஒரே வழியான கிளாலிக் கடலேரிப் படகை இந்த உடம்பு தாங்காது என்று டொக்டர் அன்று பின்னேரம் சொன்னார். பாஸ் ஒரு மாதத்துக்குச் செல்லும். அண்ணை அதற்குப் பிறகு ஆறு நாள்தான் இருந்தார்.