கரண்ட் வரக்கூடாது என்று நான் கேட்ட ஜெபம்

என் அம்மா சபைக்குள் முழங்காலில் நின்று, கரண்ட் வர வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டிருந்தாள். நான் தெருவில் ஓடிக்கொண்டே, அது வரக்கூடாது என்று ஜெபித்தேன். என் வாழ்க்கையில் நான் விளையாட்டில்லாமல் பண்ணிய முதல் ஜெபம் அதுதான். அம்மாவுக்கு எதிராக.

இதை உங்கள் முன்னால் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. யார் சாட்சி சொன்னாலும், மறுநாள் அவர்கள் குரலில் பேசிக் காட்டிச் சிரிப்பு மூட்டுகிறவன் நான். நாளைக்கு யாராவது என் குரலில் பேசிக் காட்டினால் எனக்கு அது வேண்டியதுதான்.

யாங்கோனின் தாமுவே பேட்டையில் இருக்கும் நம் சபையின் மணியை நீங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். உலக யுத்தகாலத்தில் யாங்கோன் துறைமுகத்தின்மேல் விமானங்கள் போட்ட குண்டுகளில் வெடிக்காமல் போன ஒன்று அது. நம் சனங்களில் பாதிப் பேர் இந்தியாவுக்கு நடந்தே ஓடிப்போன காலம். யுத்தம் முடிந்து மிச்சம் இருந்தவர்கள் திரும்பி வந்தபோது, விவரம் தெரிந்தவர்களை வைத்து உள்ளே இருந்ததை எடுத்து, அடியை அறுத்து, கவிழ்த்துத் தொங்கவிட்டார்கள். ஊரை அழிக்க வந்தது நம்மை ஜெபத்துக்குக் கூப்பிட்டது. நார்கிஸ் புயலில் உத்திரம் முறிந்து அது கீழே விழுந்தபோது எனக்குச் சின்ன வயசு. அன்றைக்கு விட்ட விரிசல்தான். மறுபடி தொங்கவிட்டு அடித்தால் ஓட்டைச் சட்டி சத்தம். நிலநடுக்கம் வந்த அன்று எல்லாரும் வெளியே வாருங்கள் என்று அதை அடித்தோம். அடுத்த வீட்டுக்கே கேட்கவில்லை.

நான் ஆற்றங்கரையில் ஒரு மணல் கிடங்கில் வேலை செய்கிறேன். ஆற்று மணலை மிஷின் உறிஞ்சித் தள்ளும்போது சங்கிலி, நங்கூரம், பழைய இரும்பு எல்லாம் மாட்டும். மழைக்காலம் முடியும் சமயம், சேறு அப்பிய ஓர் இரும்பு உருளை மாட்டியது. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நம் மணியேதான். அதே உடம்பு, அதே தலை. அடியை மட்டும் இன்னும் அறுக்கவில்லை.

விவரம் தெரிந்தவனாக இருந்தால் குண்டு என்று ஓடியிருப்பான். குண்டுக்குக் கீழே நின்று வளர்ந்த எனக்கு அது மணியாகத் தெரிந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்ற மூளை. கூட வேலை செய்யும் கோ மின்னை உதவிக்குக் கூப்பிட்டு, மூன்று சக்கர சைக்கா வண்டியில் ஏற்றிச் சாக்கைப் போர்த்தினேன். வழியில் பார்த்தவர்களிடம் "எங்க மாமாவுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிச் சிரித்தபடி கொண்டு வந்து சபை முற்றத்தில் இறக்கினேன்.

அன்று வெள்ளிக்கிழமை. உள்ளே பெண்களின் உபவாச ஜெபம். ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து, இரும்பு அறுக்கும் கை மிஷினை அடிப்பக்கத்தில் வைத்தேன். தீப்பொறி பறந்தது. நகம் பதிகிற அளவுக்குக் கோடு விழுந்திருக்கும். கரண்ட் போய்விட்டது.

"ஆண்டவரே, உம்ம மணிக்குத்தானே கேக்குறேன், இன்னும் கொஞ்ச நேரம் குடுத்தா என்ன?" என்று மேலே பார்த்துக் கேட்டேன். அப்புறம் ஜன்னலில் தலையை நீட்டி, "அம்மா, எல்லாரும் கொஞ்சம் சத்தமா கரண்டுக்கு ஜெபம் பண்ணுங்க. கரண்ட் ஆபீசு வரைக்கும் கேக்கட்டும்" என்றேன்.

"கிண்டல் பண்ணாதடா தாசு. கேட்டா குடுப்பார்" என்றாள் அம்மா. உள்ளே புழுக்கம் தாங்கவில்லை. நான் கேலிக்குச் சொன்னதை அவர்கள் உண்மையாகவே கேட்க ஆரம்பித்தார்கள்.

நம் ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். கரண்ட் போனால் நாம் எந்த சுவிட்சையும் அணைப்பதில்லை. தண்ணீர் மோட்டார், விசிறி எல்லாம் போட்டது போட்டபடி இருக்கும். வருகிற கரண்ட் ஒரு நிமிஷம்கூட வீணாகக் கூடாது. நானும் அப்படித்தான் செய்தேன். சக்கரம் அந்தக் கோட்டிலேயே அழுந்தி உட்காரும்படி மிஷினைக் கம்பியால் இரும்போடு கட்டி, சுவிட்சைப் போட்டபடி விட்டேன். கரண்ட் வந்தால் அதுவே அறுத்துக்கொண்டிருக்கட்டும் என்று தெருமுனை டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தேன்.

கோ மின் போன் பண்ணினான்.

"டேய், அந்த இரும்ப எங்கடா வெச்ச?"

"சர்ச்சுல. ஏன், உனக்கும் ஒரு மணி வேணுமா?"

"வெளையாடாத. இங்க இன்னொண்ணு மாட்டிக்கிச்சு. பட்டாளத்துக்காரங்க வந்து எங்க எல்லாரையும் வெளிய தொரத்திட்டாங்க. வெடிக்காத குண்டாம். இன்னும் உசுரோட இருக்காம்."

"சும்மா சொல்ற."

"நான் எப்படா சும்மா சொல்லிருக்கேன்? அது நீ."

டீ கையில் இருந்தது. எப்போது கீழே வைத்தேன் என்று தெரியவில்லை. ஓடினேன். எங்கள் தெருவில் கரண்ட் எந்த நிமிஷமும் வரலாம். அந்த ஜன்னலுக்குப் பின்னால் என் அம்மாவும் உங்கள் அம்மாக்களும். நான் கேட்கச் சொன்னதைத்தான் அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தெருவுக்கே கேட்டது.

"ஆண்டவரே, கரண்ட் வேண்டாம். அம்மா சொல்றத கேக்காதீங்க. இன்னைக்கு மட்டும் நான் சொல்றத கேளுங்க." இவ்வளவுதான் என் ஜெபம். வேறு வார்த்தை வரவில்லை.

செருப்புக் காலோடு சபைக்குள் பாய்ந்து, அம்மாவின் தோளைத் தாண்டி, ஒயரைப் பிடுங்கினேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மூச்சு விட்டேன். அடுத்த மூச்சுக்குள் தலைக்கு மேலே விசிறி சுற்றியது. "மீ லா பீ" என்று கரண்ட் வந்த சந்தோஷத்தில் தெருவே கத்தியது. பெண்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

"பாத்தியாடா? கேட்டா குடுப்பார்" என்றாள் அம்மா.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். போதகர் ஐயா ஓடி வந்து என் தலையில் கை வைத்தார். ஆவியானவர் என்னைத் தொட்டுவிட்டார் என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

"மனச அடக்காத தம்பி. என்ன இருந்தாலும் வாய் விட்டுச் சொல்லு."

"ஐயா, வெளிய இருக்குறது குண்டு. எல்லாரையும் பின்பக்கமா கூட்டிட்டுப் போங்க."

முதலில் யாரும் நம்பவில்லை. தாசு சொன்னால் யார் நம்புவார்கள்? என் முகத்தைப் பார்த்த அம்மாதான் முதலில் எழுந்தாள். பிறகு எல்லாரும் எழுந்தார்கள்.

பட்டாள ஆட்சி நடக்கும் இந்தக் காலத்தில் யாங்கோனில் கையில் குண்டு வைத்திருந்தேன் என்று சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐயாதான் போய்த் தகவல் சொன்னார். "சபைக்கு மணி செய்யக் கொண்டு வந்தது, பொறுப்பு என்னுடையது" என்றார். அவர் எனக்காக அப்படி நின்றபோது, அவர் பிரசங்கத்தை நான் பேசிக் காட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது. தலை நிமிரவில்லை.

வந்த அதிகாரி நான் சொன்ன கதையை நம்பவில்லை. அப்புறம் முகப்பில் தொங்கும் நம் பழைய மணியை அண்ணாந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஒண்ணு போதலையா உங்களுக்கு?" என்று பர்மா மொழியில் கேட்டார். அந்த விரிசல் மணிதான் அன்று எனக்குச் சாட்சி. முற்றத்தில் கிடந்ததைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு போனார்கள். யார் மேலும் ஒரு கீறல் இல்லை.

அன்று சாயங்காலம் அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. சோறு போட்டுவிட்டுச் சொன்னாள்: "ரெண்டு பேர் கேட்டதையும் குடுத்துட்டாரு. மொதல்ல உனக்கு."

அதுதான் எனக்கு இன்னும் வெட்கம். விரதமிருந்து கேட்ட என் அம்மாவை ஒரு நிமிஷம் நிறுத்தி வைத்துவிட்டு, அவரையே கேலி பண்ணியவனை முன்னால் கூப்பிட்டார். நல்லவன் என்பதால் இல்லை.

கிண்டல் பேச்சு முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஜெபத்தை வைத்து நான் இப்போது விளையாடுவதில்லை. நீங்கள் கேட்டது வரத் தாமதமானால், அவர் கேட்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். யாரோ ஒருவன் ஒயரைப் பிடுங்க ஓடிக்கொண்டிருக்கலாம்.

நமக்குப் புது மணி வேண்டாம் என்று ஐயா சொல்லிவிட்டார். பழையதை அடிக்கும் வேலை இப்போது என்னுடையது. அது யாருக்கும் கேட்காது என்று தெரியும். அதனால் அடித்துவிட்டு வீடு வீடாக வந்து கதவைத் தட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசலிலும் நிற்பேன். தாசுதானே, விளையாடுகிறான் என்று நினைக்காமல், கதவைத் திறந்து என்னோடு வாருங்கள்.