பின்சீட்டின் உறை

செய்தி வந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். குஷன் கடைக்காரர் ஒரு காருக்குள் மல்லாந்து படுத்து, கம்பிக் கொக்கிகளை வாயில் கவ்விக்கொண்டு, சீட்டின் அடியில் ரெக்சினை இழுத்துப் பிடித்திருந்தார். அடித்த ஃபோனை எடுத்தது பக்கத்துப் பட்டறை மெக்கானிக். கேட்டு முடித்துவிட்டுக் காரின் பக்கம் வந்து குனிந்தார். பிறகு, "அண்ணே, வெளியே வாங்க. வாயில இருக்கறதத் துப்பிட்டு வாங்க" என்றார்.

தங்கையின் கார். சைக்கிள் ஒன்று குறுக்கே வர, தங்கையின் கணவர் வண்டியை ஒடித்திருக்கிறார். நின்றிருந்த லாரியின் பின்பக்கத்தில் போய் இடித்தது. வண்டிக்கு ஒரு விளக்கு உடைந்ததோடு சரி. முன்னால் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த இருவருக்கும் கீறல்கூட இல்லை. பின்சீட்டில் மண்டியிட்டு, இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டி ஏதோ கதை அளந்துகொண்டு வந்த நாலு வயது மகள்தான் போய்விட்டாள்.

குஷன் கடைக்காரரை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் குஷன். அந்தக் குழந்தைக்குக் குஷன் மாமா. சினிமாக் கொட்டகை நாற்காலிகளுக்கு ஒட்டுப் போடுவதில் ஆரம்பித்து, சலூன் நாற்காலிகளுக்கு வந்து, கடைசியில் காரில் நிலைத்தவர். அப்பா இறந்தபின் அந்தத் தையலை வைத்தே தங்கையைப் படிக்க வைத்தார், கட்டிக் கொடுத்தார். தனக்கென்று ஒரு குடும்பம் வேண்டும் என்று நினைவு வந்தபோது காது ஓரம் நரைத்திருந்தது. வேலையில் அவருக்கு ஒரே பிடிவாதம்: தைத்த சீட்டின் மேல் கண்ணை மூடிக்கொண்டு கையை ஓட்டினால் எங்கேயும் தட்டக்கூடாது. எறும்பு நடந்தால்கூட வழுக்கி விழுந்துவிடும் என்று மெக்கானிக் கிண்டல் செய்வார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

தங்கை வீட்டில் பழைய கார் ஒன்று வாங்கியபோது, உறை என் செலவு என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தக் காலத்து வண்டிகளில் பின்னால் இடுப்புக்கு மட்டும்தான் பெல்ட். இழுத்தால் வந்து, விட்டால் சுருண்டுகொள்கிற வகை இல்லை. பூட்டும் பட்டையுமாகச் சீட்டின் மேலேயே கிடக்கும். உட்கார்ந்தால் குத்துகிறது, பிள்ளைகள் மிட்டாய்க் கையை அதில் துடைக்கிறார்கள் என்று வருகிறவர்கள் அலுத்துக்கொள்வார்கள். அதனால் எந்தக் குஷன் கடையிலும் பெல்ட்டை இடுக்கில் தள்ளிவிட்டு மேலே உறையை மாட்டிவிடுவதுதான் வழக்கம். உறையில் கண் வெட்டி, ஓரம் அடித்து, பூட்டை வெளியே எடுத்துவிடுவது இரட்டை வேலை. சீட்டின் அழகும் போகும். தங்கை வண்டிக்கும் அப்படித்தான் செய்தார். குழந்தை உருண்டு தூங்கட்டும், மெத்தை மாதிரி இருக்கும் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். அடியில் என்ன இருக்கிறதென்று அவர்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரிடமும் மாப்பிள்ளை ஒன்றையே சொன்னார்: பழைய வண்டி, பின்னால் பெல்ட்டே கிடையாது, அதை வாங்கியவன் நான். அவருடைய பெரியப்பா ஒருவர் நாக்கில் நரம்பில்லாமல், "புதுசு வாங்க மனசு வரல இவனுக்கு. வண்டியிலயும் கருமித்தனம்" என்று கூடத்தில் வைத்தே சொன்னார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்து நாற்காலியில் குஷன் உட்கார்ந்திருந்தார். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

இடித்த வண்டி மெக்கானிக்கின் பட்டறைக்குத்தான் வந்து சேர்ந்தது. விளக்கை அன்றே மாற்றியாயிற்று. எடுத்துப்போகத்தான் ஆள் வரவில்லை. கடையில் எங்கே உட்கார்ந்தாலும் அது கண்ணில் பட்டது. குஷன் தையல் மிஷினைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்தபடி தைத்தார். மெக்கானிக்குக் காரணம் புரிந்துவிட்டது. ஊரில் எல்லாக் கடையிலும் இப்படித்தானே, உங்களை யார் கேட்கப் போகிறார்கள், போன பிள்ளை வரவா போகிறது என்றெல்லாம் நல்ல மனதோடுதான் சொன்னார். ஒவ்வொன்றும் அவருக்கு முள்ளாய்ப் போய்த் தைத்தது.

ஒருநாள் காலையில் மாப்பிள்ளை வந்தார். தாடி மண்டிப்போயிருந்தது. வண்டியை விற்றுவிடலாம் என்றார். சாவியை வாங்கிக் கதவைத் திறந்தவர், ஓட்டும் இடத்தில் உட்காரவில்லை. பின்சீட்டில் போய் உட்கார்ந்து, உறையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஒரு பெல்ட் இருந்திருந்தா போதும் மச்சான். ஒண்ணே ஒண்ணு."

குஷனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மறுபக்கக் கதவைத் திறந்து மண்டியிட்டார். உறையின் ஓரத்துக் கொக்கிகளைக் கையாலேயே பிய்த்தார். இடுக்கில் முழங்கை வரை விட்டு, பட்டையை வெளியே இழுத்துப் போட்டார். வெயிலே படாமல் கிடந்ததால் அது புதுசு போலிருந்தது.

"இருந்துச்சு மாப்ள. நான்தான் உள்ள தள்ளி மூடினேன்."

மாப்பிள்ளை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார், "பூட்டுமா?"

குஷன் பதில் சொல்வதற்குள் அவரே இரண்டு முனைகளையும் எடுத்துச் சேர்த்தார். முதல் தடவையிலேயே டக்கென்று பூட்டிக்கொண்டது.

மாப்பிள்ளை வண்டியிலிருந்து இறங்கினார். "இத நான் அவகிட்ட சொல்ல மாட்டேன். நீங்களே போய் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தே போனார். சாவி சீட்டில் கிடந்தது.

அன்றைக்கே குஷன் போனார். தங்கை துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். குட்டிச் சட்டைகளும் அதில் இருந்தன. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் கத்துவாள், கையில் கிடைத்ததை விட்டெறிவாள், தாங்கிக்கொள்ள வேண்டும் என்று வழியெல்லாம் மனதைத் தயார்படுத்திக்கொண்டு வந்திருந்தார். அவள் மடித்துக்கொண்டிருந்த சட்டையை முழுதாக மடித்து அடுக்கினாள்.

"பெல்ட்ட தள்ளுனது தெரியாத்தனம். நானுந்தான் அடியில கைய விட்டுப் பார்க்கல. ஆனா அவர் இத்தன நாள் தன்னையே தின்னுக்கிட்டிருந்தாரே, நீ பக்கத்துலதானண்ணே உக்காந்திருந்த?"

அவள் அடுத்த துணியை எடுத்தாள்.

இப்போது அவர் கடைக்கு வருகிற எந்த வண்டிக்கும் கண் வெட்டி, ஓரம் அடித்து, பூட்டை வெளியே எடுக்காமல் உறை மாட்டுவதில்லை. அசிங்கமாக இருக்கிறது என்று சிலர் வேறு கடைக்குப் போகிறார்கள். சிக்னலில் தன் பழைய தையலைப் பார்த்துவிட்டால் கண்ணாடியைத் தட்டி, ஒருநாள் கொண்டு வாருங்கள், காசு வேண்டாம் என்கிறார். மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொள்பவர்களே அதிகம், சிலர் வருகிறார்கள்.

தங்கையின் வண்டியை யாரும் விற்கவில்லை. அது பட்டறைக்குப் பின்னால் நிற்கிறது. அதில் வலப்பக்கத்துப் பெல்ட் வெளியே கிடக்கிறது. இடப்பக்கத்துப் பெல்ட்டை வெளியே எடுக்க அவருக்கு இன்னும் கை வரவில்லை.