ரத்னா வீட்டுக் கத்தல் கேசட்

ராயப்பேட்டையில் எங்கள் ஸ்டோரில் ரத்னா உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை. ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு குடித்தனம். குழாயடியில் மற்றவர்கள் போடும் சத்தம் தெருமுனை வரை போகும். அவள் மட்டும் குடத்தை ஓரமாக வைத்துவிட்டு, "அக்கா, அடுத்தது நான் பிடிச்சுக்கட்டுமா?" என்பாள். அதற்கே பக்கத்தில் போய்க் காது கொடுக்க வேண்டும்.

தியாகராய நகரில் ஒரு கம்பெனியில் அவள் டெலிபோன் ஆபரேட்டர். கல்யாணமாகவில்லை, பெற்றவர்களும் இல்லை. தனியாக இருக்கும் பெண் என்றாலே வாடகைக்கு விடமாட்டோம் என்று மேற்கு மாம்பலம் தொடங்கிப் பல வீடுகளில் கையை விரித்த பிறகு, எங்கள் வீட்டுக்கார அம்மா லோகநாயகிதான் மனமிரங்கி ஓர் அறையைக் கொடுத்தாள். லோகநாயகிக்கு வாய்தான் பெரிசு. மனசு வேறே.

வாசல் நடையில் உட்கார்ந்து பூக்கட்டுவது என் பிழைப்பு. பூவோடு கற்பூரம், ஊதுபத்தியும் வைத்திருப்பேன். ரத்னா மாதா மாதம் மல்லிகை ஊதுபத்தி வாங்குவாள். ஆனால் அவள் அறையிலிருந்து ஒரு நாளும் வாசனை வந்ததில்லை. கேட்டேன்.

"அமெரிக்காவுல எனக்கு ஒரு பேனா சிநேகிதி இருக்காக்கா. நான் ஊதுபத்தி அனுப்புவேன். அவ கேசட் அனுப்புவா."

"இன்னா கேசட்டு? சாமி பாட்டா?"

அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "கத்துற பாட்டுக்கா."

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். வாக்மேனில் இயர்போனை மாட்டிக்கொண்டு கண்மூடி அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் யாரும் ஏதோ தாலாட்டு என்றே நினைப்பார்கள். அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்ததாம். காதுக்குள் மட்டும் கேட்டது போதவில்லை. ஒரு தடவையாவது வெளியே விட்டுக் கேட்க வேண்டும், அந்தச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரவேண்டும் என்று. அதற்காகவே தீபாவளி போனஸில் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன் வாங்கித் துணி போட்டு மூடி வைத்திருந்தாள்.

ஆனி கடைசி வெள்ளிக்கிழமை அவள் லீவு. அவளுக்குப் பிடித்த பாட்டுக் கூட்டத்தாரின் புதுக் கேசட் தபாலில் வந்திருந்தது. ஸ்டோரில் யாருமில்லை. நானும் லோகநாயகியும் தெருக்கோடி அம்மன் கோயிலுக்குப் போயிருந்தோம்.

திரும்பி வந்து நடையில் கால் வைத்ததும் அந்த அலறல். நெஞ்சைப் பிளந்துகொண்டு வருகிற கூப்பாடு, நடுவில் மேளம் போல ஓர் அதிர்வு.

"ஐயோ பூக்காரம்மா! அந்தப் பொண்ணு மேல ஆத்தா வந்துட்டாடீ!" என்றாள் லோகநாயகி.

எனக்கும் சந்தேகமே இல்லை. வாசல் வேப்பமரத்தில் ஒரு கொத்தை ஒடித்தேன். தட்டில் கற்பூரம் ஏற்றினேன். கதவைத் தட்டினோம்.

ரத்னா திறந்தாள். எண்ணெய் தேய்த்துக் குளித்துத் தலையை விரித்துப் போட்டிருந்தாள். கண்ணில் சீயக்காய் பட்டு ரத்தச் சிவப்பு. இதற்கு மேல் என்ன வேண்டும்? லோகநாயகி அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

"தாயே, வந்திருக்கிறது யாரு?" என்றேன் நான்.

ரத்னாவுக்குப் பயம் வந்தால் வாயில் ஆபீஸ் பேச்சுதான் வரும். "வணக்கம். உங்களுக்கு யார் வேணும்?" என்றாள்.

"என் பையனுக்கு ஒரு பொண்ணு வேணும் தாயே!" என்று தரையிலிருந்தே கதறினாள் லோகநாயகி. "வருசக்கணக்கா அலைஞ்சிக்கினு கீறேன்!"

"ஒரு நிமிஷம், லைன்ல இருங்கம்மா."

அலறல் உள்ளே நடந்துகொண்டே இருந்தது. லோகநாயகி மெள்ளத் தலையைத் தூக்கினாள்.

"நீ இங்க கீறே. அப்போ உள்ள கத்துறது யாரு?"

அப்புறம் நடந்தது நான் சொல்ல வேண்டியதில்லை. "ஒரு டேப்பு முன்னாடி என்னை விழ வச்சிட்டியே! இன்னொரு தபா இந்தச் சத்தம் என் காதுல வுழுந்துச்சு, சாமானைத் தூக்கிக்கினு போய்க்கினே இரு!" என்றுவிட்டுப் புடவையைத் தட்டிக்கொண்டு போனாள்.

என் கையில் கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அணைக்க மனம் வரவில்லை. ரத்னாவுக்கே காட்டிவிட்டுக் கீழே வைத்தேன். அவள் அழுதுவிட்டாள்.

"பாதிதான்க்கா கேட்டேன்."

அன்று சாயங்காலம் பூக்கூடையை மூடிவிட்டு அவளிடம் போய் உட்கார்ந்தேன். இயர்போனில் ஒரு குமிழை என் காதில் வைத்தாள், மற்றதை அவள் வைத்துக்கொண்டாள். கேசட்டோடு ஒரு ஜெராக்ஸ் தாளில் இலையில்லாத மரத்தின் படம் ஒன்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு கேட்டேன்.

முதலில் ஒற்றைக் கம்பியின் சத்தம், மழை விட்ட பிறகு ஓட்டிலிருந்து சொட்டுமே, அப்படி. எங்கோ ஒரு ஊரில் எல்லோரும் தூங்குகிறார்கள், ஒருத்தர் மட்டும் விழித்திருக்கிறார் என்று தோன்றியது. சொட்டு நெருங்கி நெருங்கி வந்து கடலாகிவிட்டது. அதன் மேல் பாடுகிற பிள்ளையின் குரல் ஏறி உடைந்தது. திடுக்கிட்டேன், ஆனால் பயம் வரவில்லை. தீமிதிக்கு முன்னால் ஜனங்கள் கூப்பிடுவார்களே, அந்தக் கூப்பாடு. வேண்டாதவரை யாரும் அப்படிக் கூப்பிடமாட்டார்கள்.

"இன்னாம்மா சொல்றான்?"

"சரியா தெரியலக்கா. ஒரு இடத்துல மட்டும் 'விளக்கை அணைக்காதே'ன்னு கேக்குது." பிறகு சொன்னாள்: "நாள் முழுக்க யார் யாரோ போன்ல என் மேல கத்துறாங்க. இவன் ஒருத்தன்தான் எனக்காகக் கத்துறான்."

கண்ணை மூடிக்கொண்டோம். முற்றத்தில் காயும் புடவைகள் காற்றில் ஏறி இறங்கும் சத்தமும் அந்தப் பாட்டில் சேர்ந்துகொண்டது. எவ்வளவு நேரம் இருந்தோமோ, விளக்கு வைக்கிற நினைவே இல்லை.

மறுநாள் லோகநாயகியிடம் பூ கொடுக்கும்போது, "அந்தப் பொண்ணு ஒரே ஒரு தபா முழுசாக் கேக்கணும்னு ஆசைப்படுதும்மா" என்றேன்.

"ஆடி மாசம் தெருவுல குழா ஸ்பீக்கர் கத்துமில்ல, அப்போ கத்தவுடச் சொல்லு. எவன் காதுல வுழப்போவுது!" என்று முகத்தை நொடித்தாள்.

கேலிக்குத்தான் சொன்னாள். ஆனால் அம்மனுக்குக் கட்டிய பூவைக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன சொல் அது. நான் பிடித்துக்கொண்டேன். ரத்னாவிடம், "உத்தரவு ஆயிடுச்சு" என்றேன்.

ஆடி ஞாயிறு வந்தது. தெருவில் வேப்பிலைத் தோரணம், கூழ் அண்டா, பம்பைக்காரர்கள். மின்கம்பத்தில் கட்டிய குழாயிலிருந்து அம்மன் பாட்டு வீட்டுச் சுவரையே ஆட்டியது. ரத்னா அறைக்குள் டூ-இன்-ஒன்னின் சத்தத்தை முழுசாகத் திருப்பினாள். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. தெருப்பக்க ஜன்னல் வழியாக அவளைத்தான் பார்த்தேன். சுவரில் கன்னத்தை வைத்து நின்றுகொண்டிருந்தாள். பாட்டைச் சுவர் வழியே குடித்துக்கொண்டிருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

திடீரென்று குழாய் ஸ்பீக்கர் நின்றுபோனது. ஏதோ ஒயர் கழன்றுவிட்டது. தெருவே அமைதியானது. அந்த அமைதியில் ரத்னாவின் ஜன்னலிலிருந்து அலறல் மட்டும் புறப்பட்டு வந்தது.

அகப்பையோடு நின்ற லோகநாயகி ஜன்னல் பக்கம் திரும்பினாள். போச்சு, ரத்னாவின் வீடு போச்சு என்று நினைத்தேன். ஆனால் பம்பைக்காரருக்கு அது எந்தப் பாட்டு என்று என்ன தெரியும்? தாளம் கிடைத்தது, பிடித்துக்கொண்டார். பம்பையும் அந்தக் குரலும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஏறின. லோகநாயகியின் கையிலிருந்து அகப்பை விழுந்தது. கொண்டை அவிழ்ந்தது. கண் சொருகியது. ஆடத் தொடங்கிவிட்டாள்.

"ஆத்தா வந்துட்டா!" என்று குலவை போட்டார்கள். ரத்னா பதறிப்போய்ப் பாட்டை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். விழாமல் லோகநாயகியை நெஞ்சோடு தாங்கிக்கொண்டாள். நான் திருநீறு பூசினேன். மஞ்சள் தண்ணீர் கொடுத்தேன்.

ஆத்தா மலையேறிய பிறகு லோகநாயகி ரத்னாவின் மடியிலேயே கொஞ்ச நேரம் கிடந்தாள். பிறகு கண்ணைத் திறந்து அவளை அண்ணாந்து பார்த்தாள்.

"பாட்டை ஏன்டீ நிறுத்துனே?"