ஐந்தருவிச் சாலையில் ஓர் அரபுப் பக்கம்

காலை ஏழு மணிக்கு மதுரையில் ஏறிய பாசஞ்சர் வண்டி தென்காசியில் என்னை இறக்கிவிட்டபோது மணி பத்தரை. ஜூன் கடைசி வாரம். ராஜபாளையம் வரை நல்ல வெயில். கடையநல்லூர் தாண்டியதும் ஜன்னல் வழியே சாரல் முகத்தில் விழுந்தது. எதிர் இருக்கையில் இருந்த குடும்பம் எண்ணெய்ப் பாட்டில், துண்டுகள், பொடி தடவிய இட்லி என்று முழு ஏற்பாட்டோடு வந்திருந்தது. தனியாகவா போகிறீர்கள் என்று அந்த அம்மாள் கேட்டார். ஆமாம் என்றதும் ஓர் இலையில் இரண்டு இட்லி வைத்து நீட்டினார். மனைவி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதன் பிறகு நான் போன முதல் பயணம் அது.

ஸ்டேஷன் வாசலில் ஓர் ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் பெயர் இஸ்மாயில், அறுபதை ஒட்டிய வயது, கத்தரித்து விட்ட நரைத்த தாடி. குற்றாலத்துக்கு ஐந்தாறு கிலோமீட்டர், இருநூறு ரூபாய். வேண்டும்போது கூப்பிடுங்கள் என்று தன் எண்ணையும் கொடுத்தார். சீசன் என்பதால் லாட்ஜில் ஒற்றை அறைக்கு ஆயிரத்து நூறு ரூபாய் வாங்கினார்கள்.

பன்னிரண்டு மணிக்குப் பேரருவிக்குப் போனேன். தனியாக வருபவனுக்கு அங்கே ஒரு சிக்கல் உண்டு. சட்டையையும் பர்ஸையும் செல்போனையும் யாரிடம் கொடுப்பது? அரைமணி நேரம் நின்று, குளிப்பவர்களைப் பார்த்துவிட்டு, நனையாமலே அறைக்குத் திரும்பினேன்.

மூன்று மணிக்கு ஐந்தருவிக்குப் போக இஸ்மாயில் பாயைக் கூப்பிட்டேன். வழியில், குளித்தாயிற்றா என்று விசாரித்தார். காரணத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஐந்தருவியில் ஆட்டோவை நிறுத்திவிட்டுக் கூடவே வந்து, நான் குளித்து முடிக்கும்வரை என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார்.

அதன்பின் சாலையோரக் கடையில் ஆளுக்கொரு டீ குடித்தோம். பதினைந்து ரூபாய் டீ, நல்ல இஞ்சி வாசனை. நான் செல்போனில் ஒரு கொரிய நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்தேன். மிக்ஸி, குக்கர் போன்றவற்றின் கையேடுகளைத் தமிழில் எழுதிக் கொடுப்பது என் தொழில். வெளிநாட்டுப் பக்கங்களைப் படிக்க பிரவுசரில் ஒரு மொழிபெயர்ப்புக் கருவி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பத்திக்கும் கீழே அதன் தமிழைக் காட்டும். இஸ்மாயில் பாய் எட்டிப் பார்த்தார்.

"இது அரபியும் காட்டுமா சார்?"

காட்டும் என்றேன். அவர் டீயை வைத்துவிட்டுத் தன் போனை எடுத்தார். அதில் இரண்டு மாதமாகச் சேமித்து வைத்திருந்த ஓர் இணைப்பு இருந்தது.

சவுதியில் புரைதா என்ற ஊரில் பதினான்கு வருடம் ஒரு வீட்டுக்குக் கார் ஓட்டியிருக்கிறார். அந்த வீட்டுப் பையன் யாசிரை எல்.கே.ஜி. முதல் பள்ளிப் படிப்பு முடியும்வரை தினமும் கொண்டுபோய் விட்டு அழைத்து வந்தவர் இவர்தான். இப்போது யாசிர் ஏதோ ஓர் இணைய இதழில் சிறுவயது நினைவுகளை எழுதுகிறானாம். உன் காரும் அதில் வருகிறது என்று அங்கே வேலை செய்யும் உறவினர் ஒருவர் அனுப்பியிருக்கிறார். இஸ்மாயில் பாய்க்கு அரபி பேச வரும். ஆனால் குர்ஆன் ஓதப் படித்த எழுத்துக்கு மேலும் கீழும் உச்சரிப்புக் குறிகள் இருக்கும், இதில் அவை இல்லை. அங்கங்கே ஒரு சொல்தான் பிடிபடுகிறது.

பள்ளிவாசலில் யாரும் படித்துச் சொல்ல மாட்டார்களா என்று கேட்டேன்.

"தொழுகை நடத்துத ஹஜரத் சொல்லுவாரு. ஆனா அதுல என்னைப் பத்தி ஒண்ணுமே இல்லைன்னா, அவரு முன்னால எப்படி உக்காந்திருக்கது? மவன்ட்டயும் கேக்க முடியாது. அவனை நான் ஒரு நாளும் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனதில்ல."

அவர் போனில் இருந்த பிரவுசர் இந்தக் கருவியை ஏற்காது. வேறொரு பிரவுசரை இறக்க வேண்டியிருந்தது. அங்கே சிக்னல் ஒரு கோடு வந்தது, போனது. ஆட்டோவைப் பழைய குற்றாலச் சாலை பிரியும் இடம்வரை ஓட்டி வந்து, மழைக்குப் படுதாவை இறக்கிவிட்டுப் பின்சீட்டில் அருகருகே உட்கார்ந்தோம். திரை மூலையில் இருந்த மூன்று புள்ளிகளைத் தொட்டு, நீட்சிகள் என்ற பட்டியலில் கருவியைத் தேடிச் சேர்த்தேன். அனுமதி கேட்டது, விஷயத்தைச் சொல்லி அவர் விரலாலேயே அழுத்தச் செய்தேன். எந்த மொழியில் வேண்டும் என்ற இடத்தில் தமிழ். எழுத்தைப் பெரிதாக்கினேன். திரையோரம் சின்ன வட்டமாக ஒரு பொத்தான் வந்து நின்றது. இணைப்பைத் திறந்து அதைத் தொடும்படி சொன்னேன்.

அரபிப் பத்திகளுக்குக் கீழே ஒவ்வொன்றாகத் தமிழ் வந்தது. பள்ளிக்கூட வாசல், ஆசிரியரின் பிரம்பு, பேரீச்சந்தோட்டம். நடுவில் ஒரு மழைநாள். சாலையில் வெள்ளம் வந்து கார் நின்றுபோகிறது. "நண்பர் என்னைத் தோளில் சுமந்து தண்ணீரைக் கடந்தார். என் காலணிகள் நனையவில்லை."

"உங்களை நண்பர்னு எழுதியிருக்கார் பாய்" என்றேன். எனக்கே சந்தோஷமாக இருந்தது.

அவர் போனைக் கண்ணருகே கொண்டுபோனார். மேலே இருந்த அரபி வரியை இரண்டு விரலால் விரித்தார். ஓர் இடத்தில் நகத்தை வைத்து எழுத்துக் கூட்டினார். ஸாத், தால், யா, காஃப்.

"சதீக்னு போட்டிருக்கான். நண்பன்னு அர்த்தம் சரிதான். ஆனா அங்கன பொழைக்கப் போன நம்ம ஆளுவ எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க, கடையில நிக்கவனை, குப்பை அள்ளுதவனை. பேரு தெரியாதவனுக்கு அதான் பேரு. யாசிர் மட்டும் என்னைப் பேரு சொல்லித்தான் கூப்பிடுவான்."

எந்த அர்த்தத்தில் எழுதியிருக்கிறான் என்று என்னிடம் கேட்டார். எனக்கு அரபி தெரியாது, கருவிக்கு அவர்கள் இருவரையும் தெரியாது என்றேன்.  பிறகு, மேல் வரியை மறைத்துவிட்டுத் தமிழை மட்டும் வைக்க முடியுமா என்று கேட்டார். அமைப்புகளுக்குள் போய் மாற்றிக் கொடுத்தேன். உதடு அசைய முதலிலிருந்து படித்தார். படித்து முடித்ததும் என்னை லாட்ஜ் வாசலில் இறக்கிவிட்டார்.

மறுநாள் பிற்பகல் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போக அவர்தான் வந்தார். மேல் வரியை மறுபடி கொண்டுவந்துவிட்டேன் என்றார். அமைப்புகளுக்குள் நேற்று நான் போன வழியைப் பார்த்து வைத்திருந்தாராம்.

"தமிழ் மட்டும் இருந்தா வேற யாரோ பேசுத மாதிரி இருக்கு அண்ணாச்சி. அரபியும் இருந்தாத்தான் அவன் சத்தம் கேக்குது."

நேற்றுவரை நான் சார்.

பக்கத்தின் அடியில் வாசகர்கள் எழுதும் பெட்டி இருந்ததைக் கண்டுபிடித்து, அதில் ஒரு வரி எழுதியும் இருந்தார். அனுப்பவில்லை. காட்டினார். 'யாசிர், நான் இஸ்மாயில், தென்காசியில நல்லா இருக்கேன்.' இதை அரபியில் மாற்ற வழி இருக்கிறது, செய்யட்டுமா என்றேன். போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"வேண்டாம். அவனும் மெஷினை வச்சுப் படிக்கட்டும்."

சொல்லிவிட்டு அனுப்பு என்பதை அழுத்தினார். என் பையை ரயில் பெட்டிவரை தூக்கி வந்தார். நான் எடுத்த பணத்தில் ஆட்டோ வாடகையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

மதுரையில் இறங்கியபோது புழுக்கம். பூட்டிய வீட்டைத் திறந்து, ஈரத் துண்டைக் கொடியில் போட்டேன். ஐந்தருவியில் குளித்ததைச் சொல்ல ஆள் இல்லை. இஸ்மாயில் பாயிடம் வாங்கி வந்திருந்த இணைப்பால் என் போனில் அந்த அரபுப் பக்கத்தைத் திறந்து அடிவரை தள்ளிக்கொண்டே போனேன். யாசிரிடமிருந்து பதில் வரவில்லை. வலமிருந்து இடமாக ஓடும் வரிகளுக்கு நடுவே ஒரே ஒரு தமிழ் வரி இருந்தது. அதில் இஸ்மாயில் என்ற பெயர் இருந்தது.