இரண்டு பெண் பெயின்டர்களும் சில ஆபீஸ் சுவர்களும்

வெறும் வெள்ளை அடித்த சுவரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதில் ஒரு இலையை வரைந்துவிட்டால் போதும், மீன் விற்க வருகிறவர் வரைக்கும் அபிப்பிராயம் சொல்லுவார். தூரிகை பிடிக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா?

வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள் கண்டியில் இப்போது பெருகிவிட்டார்கள். அவர்களுடைய ஆபீஸ் அறையில் ஒரு சுவரை மட்டும் கையால் வரைந்து கொடுப்பதுதான் எனக்கும் என் கூட்டாளி மலருக்கும் தொழில். இருவரும் தெல்தோட்டையில் ஒன்றாகப் படித்தவர்கள். சுவரைத் தேய்த்து, வெடிப்புகளுக்குப் புட்டி வைத்து, அடிப்பூச்சு பூசுவது அவள். வரைவது நான். பேசுவதும் பெரும்பாலும் அவள்தான்.

பெயின்டர் எங்கே?

பிலிமத்தலாவையில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு முதலாளி, வீட்டிலிருந்து கணக்கு வேலை பார்க்கும் தன் மகளுக்காகக் கூப்பிட்டிருந்தார். ஏணியோடு போய் இறங்கினோம். வரவேற்ற முதலாளி எங்களைத் தாண்டி கேட்டைப் பார்த்தார். "பெயின்டர் பின்னால வாராரா?" என்றார். "முன்னாலதான் நிக்கிறோம் நானா" என்றாள் மலர். முஸ்லிம் அண்ணன்மார் எங்களுக்கு நானா.

மனிதருக்கு நம்பிக்கை வரவில்லை. அறை வாசலில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மகள் கேட்டது மிளகுக்கொடி. பறவை, மிருகம் எதுவும் வேண்டாம், இலை மட்டும் போதும் என்றிருந்தாள். அவர் பார்வை முதுகில் குத்த, முதல் கோட்டை இழுத்தேன். கொடி ஜன்னலைச் சுற்றிக்கொண்டு மேலே ஏற ஏற, அவர் கடையிலிருந்து வந்த அழைப்புகளை எடுப்பதையே விட்டுவிட்டார். வேலை முடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரரைக் கையோடு கூட்டி வந்து காட்டினார்: "ஒட்டின பேப்பர் இல்ல ஹாஜியார், இந்தப் புள்ளைங்க ஏணியில நிண்டு வரஞ்சது. எண்ட கண்ணால பாத்த!"

தலையில் அருவி

குண்டசாலையில் ஒரு டீச்சர். வீட்டிலிருந்தபடி லேப்டாப்பில் பாடம் நடத்துகிறவர். மலையும் அருவியும் கேட்டார். பச்சையில் எத்தனை பச்சை உண்டோ அத்தனையையும் கலந்து வரைந்தேன். வாசலில் நின்று பார்த்தபோது, அந்த அருவியின் ஈரம் முகத்தில் அடிப்பது போலிருந்தது. இதைவிட நன்றாக வரைந்ததில்லை என்று மலரே ஒப்புக்கொண்டாள்.

மறுநாள் அந்த அருவியை என் கையாலேயே அழித்து, ஒரு முழம் தள்ளி வரைந்தேன். இப்போதெல்லாம் பென்சிலை எடுப்பதற்கு முன்பு வீட்டுக்காரரின் கதிரையில் உட்கார்ந்து, கேமராவில் என்ன தெரிகிறது என்று பார்த்துவிடுகிறேன். அந்தப் பழக்கத்தை உண்டாக்கியது, டீச்சர் முதல் வகுப்பைத் தொடங்கியதும் லேப்டாப்பிலிருந்து கேட்ட ஒரு மாணவியின் குரல்: "டீச்சர், உங்க தலையில இருந்து தண்ணி ஊத்துது!"

குளிர்ந்த சுவர்

பேராதனைப் பக்கம் ஒரு மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணத்துக்காரர். வேலை போய் வீட்டில் இருந்தார். வெளிநாட்டுக் கம்பெனியொன்று லேப்டாப்பிலேயே நேர்முகம் வைக்கப்போகிறது. "இந்த வீட்டில ஒழுங்கா இருந்து வேலை செய்வன் எண்டு அவைக்குத் தெரியோணும்" என்றார். பனைமரமும் கடலும் கேட்டார்.

அவர் காட்டிய சுவர் மலைச்சரிவை ஒட்டியது. மலர் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது; வெட்டியெடுத்த மலையின் ஈரம் முழுதும் அதில்தான். பூசினால் பெயின்ட் கொப்பளிக்கும், காயும் வரை காத்திருந்தால் நேர்முகம் போய்விடும். மனிதரின் முகம் வாடிவிட்டது. எதிர்ச்சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு மலர் சொன்னாள்: "மேசையத் திருப்புறது லேசு சேர். மலையத்தான் திருப்ப ஏலாது."

நேர்முகம்

அந்தக் காலையில் எதிர்ச்சுவரின் அடிப்பகுதி மட்டும் பாக்கி இருந்தது. நேரமாகிவிட்டதால், கேமராவுக்குத் தெரியாமல் இருவரும் ஒரு மூலையில் தரையில் உட்கார்ந்தோம். பிடித்த தூரிகையைக் கீழே வைக்கவும் பயம். ஆங்கிலத்தில் கேள்விகள் வந்தன. அவர் குரல் முதலில் தடுமாறியது, பிறகு நிதானத்துக்கு வந்தது. எங்களுக்கு மூச்சு வந்தது.

கடைசியில் ஒரு பெண் குரல் அந்தச் சுவரைப் பற்றி ஏதோ கேட்டது. அவர் சிரித்துக்கொண்டே எழுந்து லேப்டாப்பைத் தூக்கி எங்கள் பக்கம் திருப்பினார். என் கன்னத்தில் நீலம். மலரின் தலையில் பழைய துணிக்கட்டு. அந்த வேலை அவருக்குக் கிடைத்தது. அது அவருடைய திறமை, எங்கள் பனைமரத்துக்கு அதில் பங்கில்லை. ஆனால் திரையில் அத்தனை முகங்களும் கை தட்டிக்கொண்டிருக்க அவர் எங்களிடம் சொன்னது, எங்களுக்கே எங்களுக்கானது: "எழும்புங்கோ பிள்ளையள், உங்களைத்தான் பாக்கோணுமாம்!"

இந்தத் தொழிலின் விசேஷம் என்னவென்றால், நாங்கள் உயிரைக் கொடுத்து வரையும் சுவரை உலகமே பார்க்கும், வீட்டுக்காரர் மட்டும் காலையிலிருந்து மாலை வரை அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.