முன்கூட்டியே எழுதிய கண்டனம்

நிதியமைச்சர் சட்டமன்றத்தில் எழுந்து தொண்டையைச் செருமுவதற்குள், எதிர்க்கட்சித் தலைவருக்கு அறிக்கை எழுதித் தரும் அவர், பட்ஜெட்டுக்கு எதிரான அறிக்கையில் பாதிக்குமேல் எழுதி முடித்திருப்பார். எண்கள் வரவேண்டிய இடங்களில் மட்டும் புள்ளி வைத்திருப்பார். எதிர்க்கட்சி அலுவலகத்தின் பின்னறையில், தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காதால் மட்டும் பட்ஜெட்டைக் கவனிப்பார். கட்சிக்காரர்களுக்கு அவர் ‘கண்டனம் அண்ணன்’.

“என்ன சொல்லப் போறாங்கன்னே தெரியாம எப்படிண்ணே திட்டுறீங்க?” என்று கேட்டால், “கல்யாணத்துல சாப்பாடு சரியில்லன்னு சொல்றவன் எல்லாம் சாப்பிட்டுட்டா சொல்றான்?” என்பார். நல்லதே அறிவித்துவிட்டால்? “‘காலம் கடந்து’ன்னு ரெண்டு வார்த்தை இருக்கே, அது எதுக்கு?” ஒன்றை மறுப்பதற்கு அது முதலில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அவர் தொழிலில் இல்லை.

தலைவர் அறிக்கையை முன்னதாகப் படிப்பதில்லை. மைக் முன்னால் நின்றுதான் முதல் தடவை படிப்பார். சிவப்புக் கோடு போட்ட வரி வந்தால் விரலை நீட்டிக் குரலை உயர்த்துவார். அந்தச் சிவப்புப் பேனாவை அண்ணன் யாரையும் தொட விடமாட்டார். “பொண்டாட்டி கேட்டாக்கூடக் குடுக்கமாட்டேன்.”

அந்தப் பொண்டாட்டிக்குச் சிறுநீரகம் பழுது. ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் ஏறி, பக்கத்து நகரத்துக்கு டயாலிசிஸுக்குப் போய்வருகிறார். திரும்பும்போது உட்கார இடம் கிடைத்தால் அன்று நல்ல நாள். அதனால் ஒவ்வொரு வருட அறிக்கையிலும், தன் ஊர் மருத்துவமனைக்கு டயாலிசிஸ் பிரிவு கொடுக்காததைக் கண்டித்து அண்ணன் ஒரு வரி செருகிவிடுவார். இந்த வருடமும் எழுதியாகிவிட்டது.

அப்போதுதான் முதுகுக்குப் பின்னாலிருந்து அந்த ஊரின் பெயர் கேட்டது. அங்கே டயாலிசிஸ் பிரிவு, வரும் நிதியாண்டுக்குள். அண்ணன் நாற்காலியோடு திரும்பித் தொலைக்காட்சியைப் பார்த்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு அலுவலகச் செயலாளர் வந்தார். “அந்த டயாலிசிஸைச் சும்மா விடாதீங்க. அது அவங்க ஜெயிச்ச ஊரு. தலைவர் தொகுதிக்கு மாத்தணும், இல்லன்னா திறக்கவே விடமாட்டோம்னு போடுங்க.”

“அது எங்க ஊருங்க.”

“தெரியும்.”

“வீட்டுல இப்பக்கூட பஸ்ஸுலதான் போய்க்கிட்டிருக்கா.”

“எனக்கு மட்டும் சந்தோஷமா? தலைவர் முடிவு. மாத்தி எழுதுனீங்க, நாளைக்கு அந்த நாற்காலில வேற ஆளு.”

அவர் போனபின் அண்ணன் அந்த வரியை அப்படியே எழுதினார். எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு ஒரு கல்லூரி விஷயத்தில் இதே போல ‘இடத்தை மாற்று’ என்று எழுதிக் கொடுத்ததும் அவர்தான். அரசு ஒரு குழு போட்டது. குழு இன்னும் இடம் பார்த்துக்கொண்டிருக்கிறது. காகிதத்தைக் கசக்கிக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு புதுக் காகிதம் எடுத்தார். கடைசியில் சிவப்புப் பேனாவைத் திறந்து, ஒரு வரிக்குக் கீழே கோடு போட்டார்.

“தலைவர் மைக்குக்கு வந்துட்டாரு, குடுங்க குடுங்க!” செயலாளர் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டார். “‘காலம் கடந்து’ இருக்குல்ல?”

“முதல் வரியே அதுதான்.”

வாசலில் தலைவர் படிக்கத் தொடங்கினார். அண்ணன் கதவோரம் நின்றார். வரிவிதிப்பு, விலைவாசி, விவசாயி எல்லாம் போயின. சிவப்புக் கோடு வந்தது.

“நிதியாண்டு முடியும்வரை நோயாளிகள் காத்திருக்க வேண்டுமா? அந்த ஊரிலேயே...”

தலைவர் நின்றார். காகிதத்தை ஒருமுறை பார்த்தார். எதிரே கேமராக்கள். செயலாளர் கழுத்தை நீட்டினார்.

தலைவரின் விரல் பழக்கத்தில் உயர்ந்தது. “அந்த ஊரிலேயே, மூன்றே மாதத்தில் திறக்காவிட்டால், மருத்துவமனை வாசலில் நானே வந்து உட்காருவேன்!”

கைதட்டல் அடங்க நேரமானது. நிருபர்கள் அந்த வரியை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள். தலைவர் இன்னும் உரக்கச் சொன்னார்.

செயலாளர் பின்னறைக்கு வந்ததும் அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தார். சிவப்புப் பேனாவின் மூடியை அழுத்திப் போட்டு, சட்டை நுனியில் துடைத்து, மேசையில் செயலாளர் பக்கமாகத் தள்ளி வைத்தார்.